மலையடிவாரத்தில் மதிய டீ

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், மேலமலையிலிருந்து இறங்கும்போது மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. பாறை சூடேறிவிட்டால் வெறுங்காலோடு நிற்க முடியாது. மேலே இருக்கும் விஜயாலய சோழீச்சரம் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் காலையிலேயே ஏறி இறங்கிவிடுவது நல்லது. ஊருக்குள் வந்ததும் கண்ணில் பட்டது தகரப் பந்தல் போட்ட ஒரு டீக்கடை. பந்தலுக்குக் கீழே இரண்டு பெஞ்சுகள், இரண்டும் நிறைந்திருந்தன.

“சாப்பாடு இருக்குங்களா அண்ணே?”

“சோறுன்னா கீரனூருதான் போவணும் தம்பி. இங்க வடை இருக்கு, சுழியம் இருக்கு, பன்னு இருக்கு. ஒக்காருங்க, சூடா போட்டுக்கிட்டிருக்காங்க.”

பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார்.

கடையின் வலது ஓரத்தில் அடுப்பு. டீ மாஸ்டரின் மனைவிதான் வடை போடுகிறார். ஊறிய கடலைப்பருப்பை ஒன்றிரண்டாக அரைத்து, சோம்பும் காய்ந்த மிளகாயும் சேர்த்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் பிசைந்த மாவு அகலமான ஈயப் பாத்திரத்தில் இருந்தது. கையைத் தண்ணீரில் நனைத்து, உருண்டையை உள்ளங்கையில் வைத்து ஓர் அழுத்து. கடாயின் ஓரமாக எண்ணெயில் நழுவ விடுகிறார். போட்டதும் எண்ணெய் நுரைத்துக்கொண்டு எழும்புகிறது. பருப்பிலும் வெங்காயத்திலும் இருக்கும் ஈரம் வெளியேற வெளியேற அந்த நுரை அடங்கும். சத்தமும் குறையும். அவர் வடையின் நிறத்தைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் வந்து நின்ற பெண்ணிடம் பேசிக்கொண்டே, சத்தம் தணிந்த நேரம் பார்த்துக் கரண்டியை விட்டு அள்ளினார். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் பருப்பு மெத்தென்றும் இருந்த அந்த வடையைச் செய்தித்தாள் துண்டில் வைத்துத் தந்தார்கள். மேலே கெட்டியான தேங்காய்ச் சட்னி.

டீ போடுவது தனி வேலை. துணி வடிகட்டியில் தூள், அதன் மேல் கொதிநீர். இந்தக் கடைகளில் புழங்குவது இலைத் தேயிலை இல்லை, சி.டி.சி. தூள். இலையை இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டிச் சிறு மணிகளாக்கி எடுப்பார்கள். அதில் ஆகப் பொடியான ரகம் டஸ்ட். கொதிநீர் பட்ட சில நொடிகளிலேயே நிறமும் துவர்ப்பும் இறங்கிவிடும், பாலும் சர்க்கரையும் சேர்ந்தாலும் அமுங்காது. மாஸ்டர் டிக்காஷனைப் பாலில் விட்டு, கையை உயர்த்தி ஓர் ஆற்று ஆற்றி, நுரையோடு கிளாஸில் இறக்கினார். வெயிலில் மலையேறி இறங்கி வந்தவனுக்கு அந்த இனிப்பும் சூடும் உடனே தெம்பு கொடுத்தது.

நான் சாப்பிட்டது இரண்டு பருப்பு வடை, ஒரு சுழியம், கடைசியில் டீ. எல்லாம் சேர்ந்து நாற்பது ரூபாய்க்குள் முடிந்தது. பக்கத்துப் பெரியவர் பன்னைப் பிய்த்து டீயில் முக்கிச் சாப்பிட்டார். எதிர் பெஞ்சில் சிமெண்ட் படிந்த கையோடு இரண்டு கொத்தனார்கள். அவர்களிடம் வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குவாளி இருந்தது. உள்ளே பழைய சோறு, மோர், உப்பு. வடையை மட்டும் கடையில் வாங்கி, கடித்துக்கொண்டு கஞ்சியைக் குடித்தார்கள். முடித்ததும் ஆளுக்கொரு டீ. அதன்பின் சாயந்திரம் வரை வேலை. டீயையும் வடையையும் நொறுக்குத் தீனி என்று நினைப்பவர்கள் இந்த நேரத்தில் இங்கே வந்து பார்க்க வேண்டும். இது உழைப்பவர்களின் மத்தியானச் சாப்பாடு.

சென்னையின் நட்சத்திர ஓட்டல்களில் ஹை டீ என்று ஒன்று நடக்கிறது. அடுக்குத் தட்டில் விரல் நீளத்துக்கு சாண்ட்விச், குட்டிக் கேக், பீங்கான் கோப்பை. பிரிட்டனில் ஹை டீ சாப்பிட்டவர்கள் ஆலைத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும்தான். வேலை முடிந்து வீடு திரும்பியதும் ரொட்டி, இறைச்சி, பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் டீயோடு மேசையில் வைத்து வயிறாரச் சாப்பிட்டார்கள். பிரபு வீட்டுப் பெண்கள் பிற்பகலில் குடித்த டீ வேறு வகை. அந்தத் தொழிலாளிகள் சாப்பிட்டதற்கு நட்சத்திர ஓட்டலைவிட இந்தத் தகரப் பந்தல்தான் நெருக்கம்.

டீக்கும் இந்த வறண்ட சீமைக்கும் உள்ள உறவு வெறும் குடிப்பழக்கம் அல்ல. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 1867-ல் தேயிலை பயிரிட்டார். பிறகு காப்பிச் செடிகள் இலைநோயில் அழிய, மலையெல்லாம் தேயிலை ஆனது. அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய ஊர்களில் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரை, சேலம் பகுதிகள் முக்கியமானவை. மழை பொய்த்த வருஷங்களில் குடும்பத்தோடு கடல் தாண்டிப் போனார்கள். 1964 அக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அப்படிப் போனவர்களின் வழிவந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று எழுதினார்கள். போக வேண்டுமா, இருக்க வேண்டுமா என்று அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டது. அவை 1976-ல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. இந்தக் கிளாஸில் இருக்கும் சாயத்துக்குப் பின்னால் அந்தக் கைகள் இருக்கின்றன.

டீயை முடித்துவிட்டு, கிளாஸ்களை எங்கே கழுவுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் டீ குடிக்க உட்காருகிற எவரும் அதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2022 டிசம்பர் கடைசியில் வேங்கைவயலில், பட்டியல் சமூகத்து மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன அப்போதைய ஆட்சியர் கவிதா ராமுவிடம் மக்கள் சொன்ன குறைகளில் ஒன்று, பக்கத்திலுள்ள இறையூர் டீக்கடையில் அவர்களுக்குத் தனிக் குவளை வைத்திருப்பது. அவர் கடைக்கே போய்ப் பார்த்தார். வழக்குப் பதிவானது. வேங்கைவயல் இங்கிருந்து வெகுதூரம் இல்லை. அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்து எழுபது ஆண்டுகளுக்கு மேலான பிறகும், அது ஒரு டீக்கடையின் கிளாஸ் அலமாரியில் ஒளிந்திருந்தது.

இங்கே ஒரே தட்டு. எல்லாக் கிளாஸும் ஒரே வாளியில் விழுந்து, வெந்நீரில் அலசப்பட்டு, அதே தட்டுக்கு வந்தன. கொத்தனார் குடித்த கிளாஸ் எது, லாரி டிரைவர் குடித்தது எது என்று மாஸ்டருக்கே தெரியாது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால் பெஞ்சில் ஒரு பெண்கூட இல்லை. நூறு நாள் வேலைக்குப் போய் வந்த நாலைந்து பேர் வடை வாங்கிக்கொண்டு, எதிரே இருந்த புளியமரத்தடிக்குப் போய்விட்டார்கள். ஒரு பையன் டீயைத் தூக்குப்போசியில் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தான். நானும் மரத்தடிக்குப் போய், “பந்தல்ல ஒக்காந்து சாப்பிடலாமேக்கா” என்றேன்.

“அங்க ஆம்பளையா ஒக்காந்திருக்காக. இங்கன காத்து வருதுல்ல தம்பி” என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். காற்று வந்தது உண்மைதான். அதற்காக மட்டும் அவர்கள் அங்கே உட்காரவில்லை என்பதும் உண்மை. அடுப்படியில் நின்று கடைக்கே சோறு போடுகிறவர் ஒரு பெண். பந்தலுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு பெஞ்சு போட்டு, இது உங்களுக்கு என்று சொன்னால் இந்த வழக்கம் மாறத் தொடங்கும். அதை மாஸ்டரிடமும் சொன்னேன். “போடலாம்தான்” என்றார், கொஞ்சம் யோசித்துவிட்டு.

நார்த்தாமலைக்கு வியாபாரம் புதிதல்ல. நகரத்தார் மலை என்பதுதான் நார்த்தாமலை ஆனது என்கிறார்கள். சோழர் காலத்தில் தெலுங்ககுலகாலபுரம் என்ற பெயரில் வணிகர்களின் நகரமாக இருந்த ஊர் இது. மேலே விஜயாலய சோழீச்சரத்தைக் கட்டியவர் சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவர். மழையில் சிதைந்த கோயிலை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்கிறது கல்வெட்டு. பக்கத்துக் குகையில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் ஏறக்குறைய ஒரே அச்சாக நிற்கின்றன. பார்க்க வருகிறவர்கள் காரில் வந்து, காரிலேயே புதுக்கோட்டைக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் ஊருக்குள் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் இந்தக் கடைக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாச் சமயத்தில் மட்டும் ராத்திரியிலும் அடுப்பு அணையாது என்றார் மாஸ்டர்.

கிளம்பும் முன் அடுப்படியில் இருந்த அக்காவிடம் வடையைப் பற்றிக் கேட்டேன். பருப்பு விலையும் ஏறுகிறது, எண்ணெய் விலையும் ஏறுகிறது, டவுன் கடைகளில் வடை சின்னதாகிவிட்டதே என்றேன். கடாயில் அடுத்த ஈட்டைப் போட்டபடியே பதில் சொன்னார்.

“விலைய வேணா ஒரு ரூவா ஏத்துவோம். அளவக் கொறைக்க முடியாது தம்பி. கஞ்சியோட கடிக்க வாங்குறாக. ரெண்டு வடைல ஒரு தூக்கு கஞ்சி எறங்கணும்ல.”

ஒரு மணிக்கெல்லாம் பருப்பு வடை தீர்ந்துவிடும். மூன்றரைக்குத்தான் அடுத்த மாவு. மலைக்குப் போகிறவர்கள் அதற்கேற்ற மாதிரி இறங்கி வரவும்.