சதுரத்துக்குள் ஒரு வீடு

யோசெஃப் ஹோஃப்மன் கட்டடக் கலைஞர். 1899-இல் வியன்னாவின் கலைத்தொழிற் பள்ளியில் பேராசிரியராகச் சேர்ந்து, 1936 வரை அங்கே கட்டடக்கலை கற்பித்தவர். ஆனால் எனக்கு அவர்மேல் பற்று வந்தது, ஆடையில் குத்திக்கொள்ள அவர் வரைந்த ப்ரூச்சுகளால்தான்.

அவற்றின் படங்களை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை. ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் அளவில் ஒரு வெள்ளிச் சதுரம். அதை மெல்லிய சட்டங்களால் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்திருப்பார். ஓர் அறையில் பவழம், பக்கத்தில் மலக்கைட்டின் பச்சை, அதையடுத்து லாபிஸின் நீலம், ஒரு மூலையில் சந்திரகாந்தம். பட்டை வெட்டாமல் வழவழவென்று உருட்டி மெருகிட்ட கற்கள். பெரிய கல் ஒன்றை நடுநாயகமாக உட்கார வைத்து மற்றவற்றைச் சுற்றி நிறுத்தும் வழக்கம் பல ப்ரூச்சுகளில் இல்லை. எந்த இடத்தை நிரப்ப வேண்டும், எந்த இடத்தைச் சும்மா விட வேண்டும் என்று வீட்டு வரைபடம் போட்டுப் பழகிய கை அது. சதுரத்தின்மேல் அவருக்கிருந்த பிரியத்தைப் பார்த்து வியன்னாக்காரர்கள் அவருக்குச் சதுரத்தை வைத்தே பட்டப்பெயர் சூட்டினார்கள்.

1903-இல் கோலோமான் மோசரோடும், பணம் போட்ட ஃப்ரிட்ஸ் வேர்ண்டோர்ஃபரோடும் சேர்ந்து 'வீனர் வெர்க்ஷ்டேட்டெ' என்ற பட்டறையைத் தொடங்கினார். 1905-இல் அது வெளியிட்ட செயல்திட்டம் துணிச்சலானது. வைரத்தின் இடத்தை விலை குறைந்த கற்களின் நிறமே நிரப்பும். கலை என்று பார்த்தால் செம்பும் தங்கத்துக்குச் சமம். சொன்னதோடு நிற்கவில்லை. வரைந்தவரின் முத்திரையோடு, அதைத் தட்டிச் செய்த தொழிலாளியின் முத்திரையையும் பொருளிலே பதித்தார்கள். கார்ல் போனோச்னி போன்ற வெள்ளி வேலைக்காரர்களின் பெயர் இன்றும் ஹோஃப்மன் பெயரோடு சேர்ந்து வருவது இதனால்தான். அவர் கட்டிய எந்தச் சுவரையும்விட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

மாளிகையோ ப்ரூச்சோ, அவருக்கு இரண்டும் ஒரே வேலை. பிரஸ்ஸல்ஸில் 1905 முதல் 1911 வரை அவர் கட்டிய ஸ்டோக்லெட் மாளிகையில் மேசைக் கரண்டி வரைக்கும் பட்டறையின் கைவண்ணம். சாப்பாட்டு அறைச் சுவருக்குச் சித்திரம் வரைந்தவர் ஓவியர் கிளிம்ட். அந்தக் கிளிம்ட்தான் தன் தோழி எமிலி ஃப்ளோகேவுக்குப் பட்டறையின் நகைகளை வாங்கிக் கொடுத்தவரும்.

இந்தக் கதையில் கசப்பும் உண்டு. கைவேலைக்கு உரிய கூலி கொடுத்தால் விலை ஏறும். அந்த நகைகளை வாங்க வசதியுள்ளவர்களால்தான் முடிந்தது. வேர்ண்டோர்ஃபரின் சொத்து கரைந்தது. 1932-இல் பட்டறையும் மூடப்பட்டது. அப்போதும் ஹோஃப்மன் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

கணக்கில் தோற்றதால் அவர்கள் கொள்கை பொய்யாகிவிடவில்லை. நம் வீடுகளில் ஒரு நகை வந்தால் எத்தனை பவுன் என்கிறோம். செய்கூலி, சேதாரத்துக்கு மணிக்கணக்காகப் பேரம் பேசுகிறோம். கண் எரிய உட்கார்ந்து கல் பதித்த பத்தரின் பெயர் பில்லிலும் இல்லை, நகையிலும் இல்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, இதைச் செய்தவர் யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தெரியாது என்று சொன்னால், தெரிந்து சொல்லச் சொல்லுங்கள்.