நான் செந்தில் கட்சி

கவுண்டமணி - செந்தில் காமெடி ஜோடி என்றாலே எல்லோரும் கவுண்டமணியின் வாயைப் பற்றித்தான் பேசுகிறோம். மீம் போடுகிறவர்களும் அவர் பக்கம்தான். நான் செந்தில் கட்சி.

1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியை ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். கவுண்டமணி ரெண்டு பழம் வாங்கச் செந்திலிடம் காசு கொடுத்தனுப்பினார், வந்தது ஒன்றுதான். இன்னொன்று எங்கே என்று கேட்கக் கேட்க கவுண்டமணிக்கு உடம்பே கொதிக்கிறது. எதிரே நிற்கிற செந்தில் முகத்தில் நக்கல் இல்லை, திருட்டு முழியும் இல்லை. கணக்கு சரியாகத்தானே இருக்கு, அண்ணன் ஏன் கத்துறார் என்கிற அசல் குழப்பம். அந்த இடத்தில் லேசாகச் சிரித்திருந்தால்கூட மொத்தக் காட்சியும் படுத்திருக்கும்.

'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் பெட்ரோமாக்ஸ் விளக்குக் காட்சியும் அப்படித்தான். பாடத்தில் சந்தேகம் கேட்கிற பையன் மாதிரி கேட்டுக்கொண்டே விளக்கின் மேண்டிலைப் பொடியாக்கிவிட்டு நிற்பார் செந்தில். கவுண்டமணியின் கோபம் வெடிக்க அந்த வெள்ளந்தி முகம் வேண்டியிருக்கிறது. (இவர்களுக்கு எழுதிக் கொடுத்த ஏ.வீரப்பன் பெயரை யார் ஞாபகம் வைத்திருக்கிறோம்?)

கவுண்டமணி செந்திலை உதைப்பதும், நிறத்தையும் உருவத்தையும் வைத்துத் திட்டுவதும் இப்போது பார்க்கையில் உறுத்துகிறது, மறைப்பானேன். ஆனாலும் டிவியில் ஓடினால் ரிமோட்டைத் தொட மாட்டேன்.

சரி, உங்களுக்குப் பிடித்த காட்சி எது? வாழைப்பழத்தை விட்டுவிட்டுச் சொல்லுங்க.