உப்பு, சீனி, ஆற்று மணல்

என்னைப் படிக்க வைத்தது உப்பு. ஆறுமுகநேரி அளத்தில் அம்மா உப்பு வாரிய கூலியில்தான் நான் வேதியியல் பட்டம் வாங்கினேன். இப்போது ஆழ்வார்திருநகரியில் வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் உப்பளமோ பனையோதான் சோறு போடுகிறது.

'அயனிப் பிணைப்பு வலுவானது, சகப்பிணைப்பு வலுவற்றது' என்று அவர்கள் ஒப்பிப்பார்கள். அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அந்த வரி சரியில்லை. அதை அவர்கள் மனத்திலிருந்து எடுப்பதற்காகவே நான் பாடத்தை அடுப்படியில் தொடங்குகிறேன்.

இரும்புக் கரண்டியில் சீனியைக் காய்ச்சினால் 186 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் இளகிப் பழுப்பாகும். கல் உப்போ உருகாது, படபடவென்று வெடிக்கும். கண்ணேறு கழித்து அடுப்பில் போடும் உப்பு வெடிப்பதும் இதனால்தான்: பாத்தியில் விளையும்போதே கல்லுக்குள் சிக்கிய துளி நீர், சூட்டில் ஆவியாகிக் கல்லைப் பிளக்கிறது. உப்பு உருக 801 டிகிரி வேண்டும்.

ஏன் இத்தனை வித்தியாசம்? உப்பில் தனித்தனி மூலக்கூறு கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கும். ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம். கல் முழுக்க ஒரே கட்டு, அதைத் தளர்த்தினால்தான் உருகும். சீனி அப்படியல்ல. அதன் மூலக்கூறுக்குள் அணுக்கள் எலக்ட்ரானைப் பகிர்ந்து இறுக்கமாகவே பிணைந்திருக்கின்றன. ஆனால் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள பிடிப்புதான் லேசானது, அது விட்டாலே சீனி இளகிவிடும். பழுப்பாகும்போதுதான் உள்பிணைப்புகள் உடையத் தொடங்குகின்றன.

பிறகு தாமிரபரணி மணலில் ஒரு பிடி எடுத்து வைப்பேன். அதில் மின்னும் குவார்ட்ஸ் முழுக்கச் சகப்பிணைப்புதான். சிலிக்கானும் ஆக்சிஜனும் மணி முழுவதும் தொடர்ந்து கோத்திருப்பதால் உருக 1,700 டிகிரி வேண்டும், தண்ணீரிலும் கரையாது. 'வலுவற்ற' சகப்பிணைப்பு உப்பையே தோற்கடிக்கிறது! எந்தப் பொருளானாலும் அது உருக எதை விலக்க வேண்டும் என்றுதான் கேட்க வேண்டும்.

அடுத்து ஒன்பது வோல்ட் பேட்டரி, சிறு எல்.இ.டி., இரண்டு பென்சில் கரி. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்தால் விளக்கு எரிகிறது, சீனியைக் கரைத்தால் எரிவதில்லை. காய்ந்த உப்புக் கல்லிலும் எரிவதில்லை. கல்லில் அயனிகள் இடம்விட்டு நகராமல் நிற்கின்றன, நீரில்தான் அவற்றுக்கு நடமாட்டம்.

பனையேறி வீட்டுப் பிள்ளை ஒருத்தி ஒருநாள் கருப்பட்டி கொண்டுவந்தாள். அதைக் கரைத்ததும் விளக்கு மங்கலாக எரிந்தது. "இதுவும் இனிப்புதானேக்கா, இது மட்டும் ஏன் எரியுது?" என்றாள். அந்தக் கேள்விக்காக நான் அன்று முழுவதும் மகிழ்ந்தேன். கருப்பட்டி வெறும் சர்க்கரை அல்ல. பதநீரில் பனை தந்த பொட்டாசியம் போன்ற தாதுக்கள் இருக்கின்றன, கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் கால்சியமும் சேர்கிறது. மின்சாரத்தைச் சுமந்தது அந்த அயனிகள், இனிப்பு அல்ல. "அப்போ எங்கப்பா தடவுற சுண்ணாம்பும் விளக்கு எரியிறதுல இருக்குதாக்கா?" என்று மறுபடி கேட்டாள். இருக்கிறது என்றேன்.

விளக்குக்குப் போகும் வயரின் பி.வி.சி. உறையையும் காட்டுவேன். எங்களுக்குப் பக்கத்திலுள்ள சாகுபுரம் ஆலையில் உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள், பி.வி.சி.யும் தயாரிக்கிறார்கள். உப்புக் கரைசலில் அயனியாக மின்சாரத்தைச் சுமக்கும் அதே குளோரின்தான், பி.வி.சி.யில் கார்பனோடு எலக்ட்ரானைப் பகிர்ந்துகொண்டு மின்சாரத்தைத் தடுக்கும் உறையாகிறது. ஒரே தனிமம், பிணைப்பு மாறியதும் குணமே மாறிவிட்டது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் புல்லரிக்கும்.

ஆசிரியர்களும் பெற்றோரும் பண்புகளின் அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்லும் முன் இந்தச் சோதனையைப் பிள்ளைகள் கையால் செய்ய விடுங்கள். குளோரின் நெடி வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பேட்டரியை மட்டுமே பயன்படுத்துங்கள். வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்தால் உப்புத்தண்ணீர் உயிரை வாங்கிவிடும்.