சுவர் ஓதம் காத்தால் பின்பக்கம் போய்ப் பாருங்கள்!

எங்கள் அச்சங்குளம் பக்கம் 'பேஸ்மட்டம்' என்றால் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டுகிற அடிக் கட்டு. "மூணடி பேஸ்மட்டம் தூக்கிப் போடுங்க மேஸ்திரி" என்போம். மலை ஊர்களில் கதையே வேறு. அங்கே சரிவை வெட்டி வீடு கட்டுகிறார்கள். அதனால் கீழ்த்தள அறைக்கு முன்பக்கம் வாசலும் வெளிச்சமும் இருக்கும். பின்சுவர் முழுக்க மண்ணுக்குள் புதைந்திருக்கும். குன்னூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்கு அப்படிப்பட்ட வாடகை வீடுதான் அமைந்தது. குழந்தை படுப்பது அந்தக் கீழ் அறையில்.

ஒரு ஐப்பசியில் அங்கே போய்ப் பத்து நாள் தங்கினேன். பின்சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. தொட்டால் கையில் ஈரம். பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவை மடிப்பில் பூஞ்சணம். மூன்று வயதுப் பையனுக்கு ராத்திரி ஆனால் இளைப்பு. "மழை ஊருக்கா, இப்படித்தான் இருக்கும்" என்றாள் தங்கை. வீட்டுக்காரரும் சும்மா இல்லை. வருஷா வருஷம் கோடையில் உள்ளே பெயிண்ட் அடித்துத் தருவார். கார்த்திகை பிறப்பதற்குள் அது அப்பளம் மாதிரி கொப்புளித்து உதிர்ந்துவிடும்.

மழை பெய்வதால் மட்டும் சுவர் நனைவதில்லை, சகோதரிகளே. பெய்த மழை போக வழியில்லாமல் நிற்பதால்தான் நனைகிறது. கரிசல் காட்டில் பிறந்த நமக்கு இது புரியாததா? விருதுநகர் சீமையில் வருஷத்துக்குச் சுமார் 80 செ.மீ. மழைதான். அந்த வறட்சியை நம்பித்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர்விட்டன. ஆனாலும் கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும். மழையில் உப்பிக்கொண்டு தண்ணீரைச் சட்டென்று கீழே விடாமல் பிடித்து வைக்கும். அதனால்தான் வீடு கட்டும் இடத்தில் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்புகிறோம்.

மலையிலும் இதே சங்கதிதான். மேல் மண் மழையைக் குடிக்கிறது. கொஞ்சம் ஆழத்தில் களிப்பான மண்ணோ பாறையோ தடுக்கிறது. கீழே இறங்க முடியாத தண்ணீர், சரிவை ஒட்டிப் பக்கவாட்டில் கசிந்து வருகிறது. வழியில் நிற்பது எது? நம் வீட்டுப் பின்சுவர்! சுவருக்குப் பின்னால் 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1,000 கிலோ எடை அழுத்துகிற மாதிரி. உள்ளே பூசிய பெயிண்ட் அதற்கு எப்படித் தாக்குப்பிடிக்கும்?

நீலகிரி மழையும் லேசுப்பட்டதா? 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அந்த மழையின் மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 91 செ.மீ.! எங்கள் ஊர் ஒரு வருஷம் முழுக்கக் காண்கிற மழையை அந்த மலை ஒரே நாளில் தாங்கியிருக்கிறது.

தங்கை வீட்டுக்கு அனுபவப்பட்ட ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தோம். முதலில் ஈரமாயிருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துத் தாளின் உட்புறம், சுவரை ஒட்டி, முத்து முத்தாக நீர். "வெளிப்பக்கம் வேர்த்திருந்தா அறைக் காத்துல உள்ள ஈரம். உள்பக்கம் நனைஞ்சா சுவர் வழியா வர்ற தண்ணி. இது சுவர்த் தண்ணிம்மா" என்றார். இதை நீங்களும் செய்து பார்க்கலாம். செலவே இல்லை.

பிறகு கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் பாதியில் உடைந்து, சுவரின் காலடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. 1,000 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தாலே ஏறக்குறைய 930 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் கணக்குப் போடுங்கள், 62 குடம்! போதாததற்குத் தரையும் சுவரைப் பார்த்தே சாய்ந்திருந்தது. மேட்டைத் தாங்கும் தடுப்புச் சுவரில் நீர் வடிய விட்டிருந்த துளைகளெல்லாம் மண் அடைத்துக் கிடந்தன. "தண்ணிக்கு நாம வழி விடலைன்னா, அது நம்ம வீட்டுக்குள்ள வழி தேடும்" என்றார் மேஸ்திரி.

வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார், செலவில் பாதி அவர், பாதி தங்கை வீட்டில். குழாயை மாற்றித் தண்ணீரைச் சுவரை விட்டுத் தள்ளி இறக்கினார்கள். சுவரிலிருந்து 10 அடி தூரத்துக்கு 6 அங்குலம் தாழ்கிற மாதிரித் தரையைச் சாய்த்தார்கள். துளைகளைக் குத்தித் திறந்தார்கள். தை, மாசியில் மழை ஓய்ந்த பிறகு, பின்சுவரை ஒட்டிப் பள்ளம் எடுத்து, துளையிட்ட குழாய் வைத்து, ஜல்லி நிரப்பி, தண்ணீரைப் பக்கத்துச் சரிவில் உள்ள ஓடைக்கு விட்டார்கள். மேட்டின் அடிவாரத்தைத் தோண்டுவது ஆபத்து. விவரம் தெரிந்தவரை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும்.

அடுத்த ஐப்பசியில் சுவர் காய்ந்திருந்தது. பையனின் டாக்டர் மருந்தும் விடாமல் நடந்தது, இளைப்பும் குறைந்தது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், இளைப்பு, ஆஸ்துமா தொல்லை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் சொல்கிறது. மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், குழந்தை மூச்சு விடுகிற காற்றையும் நாம் பார்க்க வேண்டாமா?

ஈர அறை உள்ளவர்கள் உடனே செய்யக்கூடியது: குழந்தையின் கட்டிலை அந்தச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நாலு விரற்கடை இடைவெளி விடுங்கள். துணியை அந்த அறையில் காயப் போடாதீர்கள். பூஞ்சணத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

முக்கியமாக ஒன்று. அறை காயட்டும், குளிர் தெரியாமல் இருக்கட்டும் என்று கரி அடுப்பைப் பற்றவைத்துக் கதவைச் சாத்துகிற வழக்கம் மலை ஊர்களில் உண்டு. வேண்டவே வேண்டாம்! அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்களை அப்படியே கொண்டுபோய்விடும்.

இன்னொன்று. தடுப்புச் சுவரின் துளையில் தெளிந்த தண்ணீர் வடிந்தால் பயமில்லை. திடீரென்று கலங்கிய சேற்று நீர் வந்தாலோ, சுவர் விரிசல் விட்டுப் பிதுங்கினாலோ, சாமான்களைப் பற்றி யோசிக்காமல் குழந்தைகளோடு வெளியேறிவிடுங்கள்.

வாடகைக்கு வீடு பார்க்கிற இளம் தாய்மார்களே, அட்வான்ஸ் கொடுக்குமுன் அடுக்களையைப் பார்க்கிற மாதிரி வீட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். முடிந்தால் மழை பெய்யும்போதே குடையைப் பிடித்துக்கொண்டு போய் நில்லுங்கள். தண்ணீர் வீட்டை விட்டுப் போகிறதா, வீட்டைத் தேடி வருகிறதா என்று அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.