ஜப்பானின் பொம்மைத் திருநாள்

பெண் குழந்தைகளுக்கென்றே ஒரு திருநாள் உண்டு என்றால் நம்புவீர்களா, தோழியரே? ஜப்பானில் ஆண்டுதோறும் மார்ச் 3-ஆம் நாள் 'ஹினமட்சுரி' எனும் பொம்மைத் திருநாள் கொண்டாடப்படுகிறது. அதைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமன்று!

சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மைகளை அடுக்குகிறார்கள். உச்சிப் படியில் அரசரும் அரசியும் வீற்றிருப்பர். அடுத்த படியில் பணிப்பெண்கள் மூவர். அதற்கும் கீழே இசைக்கலைஞர் ஐவர். பீச் மலர்களும், சிவப்பு, வெள்ளை, பச்சை எனும் மூன்று நிறங்களில் அரிசிப் பலகாரமும் படைக்கப்படும். விழா முடிந்தவுடன் பொம்மைகளை எடுத்து வைத்துவிட வேண்டும். தாமதித்தால் மகளின் திருமணமும் தாமதமாகுமாம்! இதைப் படித்து நாங்கள் சிரித்த சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று.

தொத்தோரி மாநிலத்து மோச்சிகாசே என்னும் ஊரிலோ, காகிதப் பொம்மைகளை ஆற்றில் மிதக்க விடுகிறார்கள். பிள்ளைகளின் நோய்நொடிகளை அவை சுமந்து சென்றுவிடும் என்பது பழைய நம்பிக்கை.

ஆயினும் எல்லா விழாக்களும் நிலைப்பதில்லை. ஈவாத்தே மாநிலத்தின் கொகுசேகி ஆலயத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த 'சோமின்சாய்' எனும் பனிக்கால விழா, 2024 பிப்ரவரியோடு நின்றுபோயிற்று. ஏற்பாடுகளைச் செய்துவந்தவர்கள் முதுமை அடைந்தனர். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்க இளையோர் போதவில்லை. ஆயிரம் ஆண்டு வழக்கம் ஆளில்லாமல் முடிந்தது என்றறிந்தபோது எங்கள் மனம் கனத்தது.

அப்படியானால் பொம்மைத் திருநாளின் கதி? பெண்கள் வளர்ந்து சென்ற வீடுகளில் பொம்மைகள் பெட்டியிலேயே உறங்குகின்றன. சீபா மாநிலத்துக் கட்சுவூரா நகரம் இதற்கு ஒரு வழி கண்டது. 2001-ஆம் ஆண்டு, அதே பெயர் கொண்ட தொக்குஷிமா மாநிலத்து ஊரொன்று, தன்னிடம் சேர்ந்திருந்த பொம்மைகளில் ஏறத்தாழ 7,000-ஐ அந்நகருக்கு வழங்கியது. அன்றுமுதல் அங்கே கோயிலின் 60 கற்படிகளிலும் பொம்மைகள் அணிவகுக்கின்றன. ஊரார் அவற்றைக் காலையில் அடுக்கி, மாலையில் பத்திரமாக எடுத்து வைக்கிறார்கள். மறுநாள் மீண்டும் அதே வேலை!

ஒரு விழாவை வாழவைப்பது அதன் பழமையன்று. அதற்காக உழைக்கும் கைகளே என்பதை இவ்விரு ஊர்களும் நமக்கு உணர்த்துகின்றன. நம் பாட்டிமாரும் அன்னையரும் செய்துவரும் விழா வேலைகளை நாளை செய்யப்போவது யார்? பலகாரம் உண்ண நீளும் நம் கைகள், அதைச் செய்யவும் நீளட்டும், தோழியரே!