மலையாடும் ஒரு சீட்டும்

வட அமெரிக்காவின் மேற்கு மலைநாட்டிலே மலையாடு ஒன்றைச் சுட விரும்பும் வேடன் துப்பாக்கியைத் துடைப்பதற்கு முன்னர் ஒரு விண்ணப்பத்தை நிரப்ப வேண்டியவனாகின்றான். அதன் பின்பு அவனுக்குரிய தொழில் காத்திருத்தலே. ஆண்டுதோறும் சீட்டிழுப்பு நடைபெறும். விண்ணப்பிப்போர் பலர், வழங்கப்படும் அனுமதிப்பத்திரங்களோ மிகச் சில. முப்பது வயதில் முதல் விண்ணப்பத்தை அனுப்பியவன் தலை நரைத்த பின்னரே தன் பெயரைப் பட்டியலிற் காண்பதுண்டு. காணாமலே போவதும் உண்டு. ஐடஹோ போன்ற சில மாநிலங்களிலே ஒருவன் தன் வாழ்நாளில் ஒரேயொரு மலையாட்டையே வேட்டையாடலாம் என்பது விதி. காட்டு மானைச் சுடுவதற்கு இத்தகைய தவம் வேண்டியதில்லை. மலையாட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்ற வினா, பெயர் விழாத ஒவ்வோர் ஆண்டும் அவன் உள்ளத்தில் எழுவது இயல்பே.

இவ்விலங்கை ஆடு என்று அழைப்பது வழக்கத்தால் வந்தது. விலங்கியலார் இதனை உண்மையான ஆட்டினத்தோடு சேர்ப்பதில்லை. தனியொரு பேரினத்துள் வைக்கின்றனர். அலாஸ்காவின் தென்பகுதியிலிருந்து பிரித்தானிய கொலம்பியா, அல்பேட்டா ஆகிய கனடிய மாகாணங்களின் ஊடாக வொஷிங்டன், ஐடஹோ, மொன்டானா மாநிலங்கள் வரை நீளும் செங்குத்துப் பாறைகளே இதன் பழைய தாயகம். வெண்ணிறமான நீண்ட உரோமமும், பாறையைப் பற்றிக்கொள்ளும் பிளவுபட்ட குளம்பும், கத்திபோன்ற கரிய கொம்பும் இதன் அடையாளங்கள். ஓநாயும் மலைச்சிங்கமும் பின்தொடர அஞ்சும் விளிம்புகளிலே இது குட்டியை ஈன்று வளர்க்கின்றது. செங்குத்தான பாறையே இதற்கு அரண்.

அனுமதிப்பத்திரம் அருகியிருப்பதற்கு விலங்கு அருகியிருப்பதே காரணம் என்று எளிதாகக் கூறிவிடலாம். ஆனால் அது முழு விடையன்று. கண்டம் முழுவதிலும் மலையாடுகள் ஏறத்தாழ ஓர் இலட்சம் அளவில் உள்ளன எனக் கணிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பிரித்தானிய கொலம்பியாவிலேயே வாழ்கின்றன. அழிவின் விளிம்பில் நிற்கும் இனத்தின் தொகை இதுவன்று. எனினும் இத்தொகையைப் பார்த்து மகிழ்பவன் ஏமாந்துபோவான். ஓர் இலட்சம் என்பது ஒரே மந்தையன்று. ஒரு சிகரத்தில் இருபது, பள்ளத்தாக்கிற்கு அப்பால் உள்ள மற்றொன்றில் நாற்பது என்று சிதறிக் கிடக்கும் சிறு கூட்டங்களின் கூட்டுத்தொகையே அது. இருபது ஆடுகள் வாழும் சிகரத்திலே மூன்றைச் சுட்டவனுக்கு, ஐம்பது மைல் தொலைவில் நூறு ஆடுகள் உள்ளன என்பது சமாதானமாகாது. தான் சார்ந்த மலையைவிட்டு அகலப் பெரும்பாலான மறிகள் விரும்புவதில்லை. ஆகவே வெறிச்சோடிய சிகரம் நெடுங்காலம் வெறிச்சோடியே கிடக்கும்.

இரண்டாவது காரணம் பிறப்பின் மந்தம். அல்பேட்டாவின் மேற்கிலுள்ள கோ றிட்ஜ் என்னும் மலைமுகட்டிலே 1980களின் இறுதியில் ஆராய்ச்சியாளர் சிலர் மலையாடுகளைத் தனித்தனியே அடையாளமிட்டு அவதானிக்கத் தொடங்கினர். ஒவ்வொரு மறியும் எப்பொழுது ஈன்றது, எந்தக் குட்டி பிழைத்தது என்பன ஆண்டுக்காண்டு குறித்துக்கொள்ளப்பட்டன. மறியாடு நான்கு அல்லது ஐந்து வயதளவிலேயே முதற்குட்டியை ஈனுகின்றது என்பது அங்கே தெளிவாயிற்று. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே. அக்குட்டியும் முதல் மாரியைத் தாண்டும் என்பது உறுதியன்று. இரண்டு வயதிலேயே இரட்டைக் குட்டிகளை ஈனத்தக்க மானோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். மானைச் சுட்டவன் எடுத்ததை அடுத்த இளவேனில் ஈடுசெய்துவிடும். மறியாட்டைச் சுட்டவன் எடுத்தது ஒரு விலங்கையும் அதனோடு பத்தாண்டுகளில் பிறந்திருக்கக்கூடிய சில குட்டிகளையும் ஆகும்.

இவ்வுண்மை காலந்தாழ்த்தியே உணரப்பட்டது. வொஷிங்டன் மாநிலத்திலே 1960களின் தொடக்கத்தில் மலையாடுகள் ஏறத்தாழ 10,000 எனக் கணிக்கப்பட்டன. அத்தொகையை நம்பி அனுமதிப்பத்திரங்கள் தாராளமாக வழங்கப்பட்டன. மரம் வெட்டுவோர் அமைத்த வீதிகள் மலையின் இடுப்புவரை ஏறின. முன்பு இரு நாள் நடந்து அடையவேண்டிய பாறைகளுக்கு ஒரு காலையிற் செல்லும் வசதி ஏற்பட்டது. சில பத்தாண்டுகளுள் பல சிகரங்கள் வெறுமையாயின. பழைய பதிவேடுகளைப் பின்னாளில் ஆராய்ந்தோர் அவ்வீழ்ச்சிக்கு வேட்டையே முதன்மைக் காரணம் எனக் கண்டனர். அல்பேட்டாவிலும் கதை இதுவே. அங்கே 1987இல் மலையாட்டு வேட்டை முற்றாக நிறுத்தப்பட்டது. நிறுத்திய பின்பும் எல்லா மந்தைகளும் பெருகவில்லை என்பதே கசப்பான பாடம். 2001இல் மிகச் சிறிய அளவிலே வேட்டை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வொஷிங்டன் மாநிலம் 2015இல் வகுத்த திட்டம் குறைந்தது நூறு ஆடுகளேனும் வாழும் பகுதியிலேயே வேட்டையைக் கருதலாம் என்றும், அங்கும் நூற்றுக்கு நான்கிற்கு மேல் எடுத்தலாகாது என்றும் வரையறுத்தது. வேடன் கையில் அருமையாகக் கிடைக்கும் அந்தச் சீட்டு, அவன் தந்தையர் காலத்துத் தாராளத்தின் கடனைத் தீர்க்கும் சீட்டு எனலாம்.

மூன்றாவது காரணமே எல்லாவற்றினும் நுட்பமானது. மானினத்திலே ஆணுக்குக் கிளைத்த கொம்புண்டு, பெண்ணுக்கு இல்லை. குழந்தையும் வேறுபாட்டைச் சொல்லிவிடும். மலையாட்டிலோ கிடாய்க்கும் கொம்புண்டு, மறிக்கும் கொம்புண்டு. இரண்டும் கரியவை, நீளத்திலும் பெரிய வேறுபாடில்லை. கிடாயின் கொம்பு அடியிலே பருத்து மெல்ல வளைந்து செல்லும். மறியின் கொம்பு மெலிந்து, நுனிக்கு அண்மையிலே சட்டென வளையும். கிடாயின் கொம்படி அதன் கண்ணைவிட அகன்றிருக்கும் என்பர். இவ்வேறுபாடுகளைப் படத்திலே காண்பது எளிது. முந்நூறு யார் தொலைவிலே, காற்று வீச, மூச்சு வாங்க, மூடுபனி ஏறிவரும் வேளையிலே காண்பது எளிதன்று. தனித்து நிற்பது கிடாயாகவே இருக்கும் என்று கருதினால், அவ்வாண்டு குட்டி ஈனாத மறியும் தனித்து நிற்கலாம். ஆகவே கிடாயை எண்ணிச் சுட்ட குண்டு மறியின்மீது பாய்வது அடிக்கடி நிகழ்கின்றது.

இத்தவறைச் சட்டம் பலவாறு எதிர்கொள்கின்றது. பிரித்தானிய கொலம்பியாவிலே குட்டியுடன் நிற்கும் மறியைச் சுடுதல் குற்றம். அலாஸ்காவின் சில பகுதிகளிலே கிடாய்க்கு ஒரு புள்ளி, மறிக்கு இரு புள்ளி என்று கணக்கிடுவர். புள்ளிகள் நிரம்பியதும் அப்பகுதியில் வேட்டை முடிந்துவிடும். கீனாய்க் குடாநாட்டிலே மறியைச் சுட்டவன் ஐந்தாண்டுகளுக்கு அங்கே மலையாட்டு வேட்டைக்குச் செல்ல முடியாதவாறு விதி வகுக்கப்பட்டது. இவ்விதிகள் யாவும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கின்றன. மனிதன் தவறு செய்வான் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்து, அத்தவறையும் மந்தை தாங்கவேண்டும் என்ற எண்ணத்திலேதான் அனுமதிப்பத்திரத்தின் தொகை குறைக்கப்படுகின்றது. பத்துக் கிடாய்களை இழக்கத்தக்க மலைக்குப் பத்துச் சீட்டுகள் வழங்கப்படுவதில்லை. கண்ணின் பிழைக்கும் அங்கே ஒரு பங்கு ஒதுக்கப்பட்டுள்ளது.

இத்துணை கணக்கோடு காக்கப்படும் அதே விலங்கு, வொஷிங்டன் மாநிலத்தின் மேற்கோரத்திலே வேறொரு விதியைச் சந்தித்தது. ஒலிம்பிக் குடாநாட்டு மலைகளிலே மலையாடு இயற்கையாக வாழ்ந்ததில்லை. 1920களில், அங்கே தேசியப் பூங்கா அமைவதற்கு முன்னர், வேட்டையின் பொருட்டு ஏறத்தாழ ஒரு டசின் ஆடுகள் கொண்டுவந்து விடப்பட்டன. 1938இல் பூங்கா உருவாகி வேட்டை தடைப்பட்டது. ஆடுகள் பெருகி 1980களின் தொடக்கத்தில் ஆயிரத்தைத் தாண்டின. அம்மலைகளுக்கே உரிய அரிய செடிகளை அவை மேய்ந்தன. உப்பில்லாத அந்நிலத்திலே மனிதரின் வியர்வையையும் சிறுநீரையும் நாடி நடைபாதைகளுக்கு வந்தன. 2010இல் வழிநடைப் பயணி ஒருவர் ஓர் ஆட்டினாற் குத்துண்டு இறந்தார். 2018 முதல் 2020 வரை ஆடுகள் ஹெலிகொப்டரிலே தொங்கவிடப்பட்டு எடுத்துச் செல்லப்பட்டன. 325 ஆடுகள் கஸ்கேட் மலைத்தொடரில் விடப்பட்டன. எஞ்சியவற்றைச் சுட்டு அகற்றும் பணி அடுத்துத் தொடர்ந்தது. ஒரு மலையிலே ஒன்றைச் சுடுவதற்கு வாழ்நாள் முழுதும் காத்திருக்க வேண்டும். சிறிது தொலைவிலுள்ள மற்றொரு மலையிலே அதுவே அகற்றப்படவேண்டிய அந்நியம். முன்னைய மலைகளிலே ஆட்டை எண்ணத் தவறியவர்களும், பின்னைய மலையிலே ஆட்டைக் கொண்டுவந்து விட்டவர்களும் ஒரே பிழையையே செய்தனர். மலை எவ்வளவைத் தாங்கும் என்று அறியுமுன்னரே இரு சாராரும் கைவைத்துவிட்டனர்.

இம்மலைகளின் மேற்குக் கரையோரத்திலே நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பழங்குடி மக்கள் மலையாட்டை உண்டனர். அதன் உரோமத்தால் போர்வையும் நெய்தனர். வேனிற் காலத்தில் ஆடு தன் பழைய உரோமத்தை உதிர்க்கும்போது புதர்களிலே சிக்கிக் கிடக்கும் வெண்கற்றைகளைக் கோஸ்ற் சேலிஷ் மக்கள் பொறுக்கிச் சேர்ப்பது வழக்கம். உரோமம் எந்தப் பாறையில், எந்தக் காலத்தில் உதிரும் என்று அறிந்திருந்தவர்களுக்கே அப்போர்வை வாய்த்தது. விலங்கை அறிந்தே அதனிடமிருந்து பெறவேண்டும் என்னும் நியதி சீட்டிழுப்பு முறைக்கு மிகப் பழையது.

ஆகவே, பல்லாண்டு காத்திருந்து சீட்டுப் பெற்றவன் இறுதியாக அப்பாறைக்கு எதிரே படுத்திருக்கும் நேரத்திலே அவனுக்கு வேண்டப்படுவது குறி தவறாத கையைவிட அவசரப்படாத கண்ணே. வெள்ளாடு ஒன்று தனியே படுத்து அசைபோடுகின்றது. கொம்பு தெரிகின்றது, அதன் அடி தெரியவில்லை. அனுமதிக் காலம் முடிய இன்னும் இரண்டு நாட்களே உள்ளன. இனி ஒரு சீட்டு அவன் வாழ்நாளில் விழப்போவதில்லை. சட்டமோ அதிகாரியோ அம்முகட்டுக்கு வருவதில்லை. அவன் செய்யத்தக்கது ஒன்றே: தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தபடி, அந்த ஆடு தலையைத் திருப்பும்வரை காத்திருத்தல். திருப்பாமலே பொழுது சாயுமாயின், வெறுங்கையோடு இறங்கிவருதல். அவ்வாறு இறங்கி வருபவர்கள் உள்ளவரையிலேதான் அடுத்த ஆண்டும் வழங்குவதற்குச் சீட்டுகள் இருக்கும்.