கிணற்றுப் புறா

சென்ற ஷஃபான் மாதத்து அசர் வேளையொன்றில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நம் கை தீண்டாதிருந்த காற்றுத் துப்பாக்கியை மீண்டும் ஏந்த நேர்ந்தது. ஏந்திய இடம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையை விட்டு உள்ளே தள்ளிய ஒரு பாழுங்கிணற்று மேடு. ஏந்தச் சொன்னவர் நம் தாய்மாமா. வயது எண்பதைக் கடந்தவர். ஓராண்டுக்கு முன் பக்கவாதம் கண்டு வலக்கை விழுந்துவிட்டது. பக்கவாதத்துக்குப் புறாக்கறி நல்லது என்பது நம் ஊர்ப் பெரியவர்களின் நெடுநாளைய நம்பிக்கை. அதற்கு மருத்துவச் சான்று உண்டா என்று வினவினால் வீட்டுப் பெண்கள் நம்மைத்தான் விந்தையாகப் பார்ப்பார்கள். வளர்ப்புப் புறா காசுக்குக் கிடைக்கிறதே என்று சொல்லிப் பார்த்தோம். மாமா கேட்பதாயில்லை. கிணற்றுப் புறாவே வேண்டும், அதுவும் நம் கையாலே வேண்டும் என்றார்.

மதரஸாவுக்கு விடுமுறை விட்டிருந்தது. மறுக்க ஒரு காரணமும் நம்மிடம் இல்லாதது போலவே அவருக்குத் தோன்றியிருக்கும். நம்மிடம் இருந்த காரணமோ வாய்விட்டுச் சொல்லக்கூடியதன்று.

அதனைச் சொல்லுமுன் அந்நாளைய ஊரைச் சற்றே சொல்ல வேண்டும். நம் அன்னையின் பிறந்தகம் அது. பள்ளி விடுமுறை தோறும் அங்குதான் இருப்போம். ஏரிப் பாசனம் ஒரு பக்கம், கவலை இறைத்துப் பின்னர் மோட்டார் வைத்த கிணறுகள் ஒரு பக்கம். நவரை அறுத்த களத்தில் மாலைதோறும் புறாக்கள் வந்திறங்கும். தவிட்டுப்புறா, புள்ளிப்புறா, கள்ளிப்புறா என்று வகை பிரித்துச் சொல்ல நமக்குக் கற்பித்தவர் மாமாவே. ஆலும் அரசும் பழுக்கும் நாளில் பச்சைப்புறாவும் வரும். இலையோடு இலையாக அது மறைந்திருக்க, கண் பழகாதவன் மரத்தடியில் நின்றும் ஒன்றையும் காணமாட்டான். ஆயினும் மாமாவுக்கு உகந்தது மாடப்புறாவே. கல் கட்டிய கிணறுகளின் உட்சுவர்ப் பொந்துகளில் அது கூடு கட்டும். கிணற்றில் ஒரு கல்லை எறிந்தால் படபடவெனப் புகைபோல் எழும்பி, ஊரை ஒருமுறை வட்டமிட்டுத் திரும்பி, கைப்பிடிச் சுவரில் அமரும். பறக்கும் புறாவைக் காற்றுத் துப்பாக்கியால் அடிக்க இயலாது. அது வந்து அமரும் அந்த நொடிக்காகப் புங்கமரத்தடியில் மூச்சடக்கிக் காத்திருத்தல்தான் வேட்டை.

குழாயை மடித்து, ஈய ரவையை இட்டு, நிமிர்த்தி, பிஸ்மில்லாஹ் சொல்லி விசையை இழுப்பார் மாமா. நம் வேலை கத்தியோடு ஓடுவது. ரவை பட்டு விழுந்த புறாவை உயிர் போகுமுன் அறுத்தாக வேண்டும் என்பதை எந்தக் கிதாபையும் ஓதாத மாமா நன்கறிந்திருந்தார்.

துப்பாக்கி என்னும் சொல்லே நமக்குத் துருக்கியிலிருந்து வந்தது. அறபியர் அதனைப் புந்துகிய்யா என்பர். புந்துக் என்பது ஒரு கொட்டை. அதன் வடிவாக உருட்டிய களிமண் குண்டுக்கு அப்பெயர் வந்து, பின்னர் குண்டு எறியும் கருவிக்கும் ஆயிற்று. நம் ஃபுகஹாக்கள் துப்பாக்கி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இக்களிமண் குண்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அதிய்யிப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வேட்டையைப் பற்றிக் கேட்ட ஹதீஸை ஓதாத மாணவன் இல்லை. கூர்முனை பாய்ந்து இறந்ததை உண்ணலாம். மொட்டையான பக்கம் மோதி இறந்தது அடிபட்டுச் செத்ததாகும், அதனை உண்ணலாகாது என்பது அதன் சாரம். திருமறையின் மாயிதா அத்தியாயம் விலக்கிய மவ்கூதா அதுவே. ஈயக்குண்டு கூரால் கொல்கிறதா, வேகத்தாலும் கனத்தாலும் கொல்கிறதா என்று பிற்காலத்தார் வாதிட்டார்கள். ஹனஃபீ மத்ஹபின் இப்னு ஆபிதீன் அவர்கள் அதற்குக் கூர் இல்லை என்று விலக்கினார்கள். மாலிகீகளில் தர்தீர் போன்றோர் ஆகும் என்றார்கள். நம் மாமா எந்த மத்ஹபின் நுட்பமும் அறியாமலே பேணுதலான வழியில் நின்றார். கத்தியோடு நம்மை ஓடவிட்டார். ஒரேயொரு நாள் தவிர.

1983ஆம் ஆண்டின் கோடை. அவ்வாண்டின் வறட்சியைச் சென்னையிலிருந்தோர் குடிநீர்ப் பஞ்சமாக நினைவில் வைத்திருப்பர். எங்கள் பக்கத்தில் அது விளையாத நிலமாகவும் விற்ற மாடாகவும் இருந்தது. நமக்கு அப்போது பதின்மூன்று வயது. நன்னி நெடுங்காய்ச்சலில் படுத்துத் தேறிவந்த சமயம். கறிச்சாறு வேண்டும் என்று கேட்டார்கள். காலையில் புறப்பட்ட நாங்கள் பகல் சாயும்வரை ஒன்றும் அடிக்கவில்லை. கடைசியில் கைப்பிடிச் சுவரில் வந்தமர்ந்த ஒரு புறாவின் மேல் ரவை பட்டது. அது இந்தப் பக்கம் விழாமல் கிணற்றினுள் விழுந்தது.

மாமா கல்படிகளில் இறங்கினார். அடியில் கிடந்த நீர் முழங்கால் அளவே. நாம் மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் இறங்கிச் சேர நெடுநேரம் ஆயிற்று. புறா இறகு விரித்து நீரில் மிதந்தது. அதன் தலை நீருக்குள் இருந்தது. கையில் எடுத்து, ஒரு கணம் உற்றுப் பார்த்து, இடுப்பிலிருந்த கத்தியை உருவி, பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்று உரக்கச் சொல்லி அறுத்தார். குருதி பீறிடவில்லை. கால் உதறவில்லை. மேலே ஏறி வந்து, "உசுரு இருந்துச்சுடா, நல்லவேளை" என்றார். நாம் தலையசைத்தோம்.

அன்றிரவு நன்னி சாறு பருகி, மகனுக்கும் பேரனுக்கும் துஆச் செய்தார்கள். இரு துண்டுக் கறி நம் தட்டிலும் விழுந்தது. நாம் உண்டோம்.

வேலூரில் ஓதப் போன பிறகுதான் அந்த ஹதீஸின் இன்னொரு பகுதி நம் கண்ணில் பட்டது. எய்த பிராணி நீரில் விழுந்து கிடக்கக் கண்டால் உண்ணாதே. நீர் கொன்றதா, அம்பு கொன்றதா என்பதை நீ அறியமாட்டாய் என்பது அதன் கருத்து. உஸ்தாது வாசித்துப் பொருள் சொல்லிக்கொண்டே போனார்கள். நம் காதில் மேற்கொண்டு எதுவும் ஏறவில்லை. இன்று நாமே அதனை ஆண்டுதோறும் ஓதிக் கொடுக்கிறோம். வேட்டைப் பாடம் வரும் நாளில் குரல் கம்முவதை மாணவர்கள் சளியென்று எண்ணுகிறார்கள். பசியால் உயிர் போகும் நிலையில் செத்ததும் ஆகும் என்னும் சலுகை உண்டு. அன்று எங்கள் வீட்டில் கஞ்சி இருந்தது. அறியாது உண்ட நன்னி மீது குற்றமில்லை. அறிந்து உண்டவன்?

அதன்பின் நாம் வேட்டைக்குப் போகவில்லை. கேட்டவர்களுக்குப் படிப்பைக் காரணம் சொன்னோம்.

பறவையைச் சுட்டுப் பின் வேறு வழியில் திரும்பியவர்கள் உண்டு. மும்பையில் பிறந்த ஸாலிம் அலீ சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. என்ன குருவி என்று அறிய மாமா அமீருத்தீன் தையப்ஜீ அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். இந்தியப் பறவைகளைப் பற்றிய பேரறிவு அந்த ஒரு குருவியிலிருந்து தொடங்கிற்று. 1985இல் வெளியான தம் வரலாற்றுக்கும் அவர் ஒரு குருவியின் வீழ்ச்சி என்னும் பொருள்படவே பெயரிட்டார். அவருக்கு மாமா வாய்த்தது அவ்வண்ணம்; நமக்கு வாய்த்தது இவ்வண்ணம்.

மேனாட்டார் புறா சுடுதலைப் பந்தயமாகவே நடத்தினர். 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். அடைத்து வைத்த பறவையைத் திறந்துவிட்டுச் சுடுவதை இங்கிலாந்து 1921இல் சட்டமிட்டுத் தடுத்தது. இன்று வட்டை எறிந்து சுடுகிறார்கள். அதற்கும் களிமண் புறா என்றே பெயர். இப்னு உமர் (ரலி) அவர்கள், ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெறிந்து விளையாடிய குறைஷி இளைஞரைக் கண்டு, உயிருள்ளதை இலக்காக்குவோரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததை நினைவூட்டிய செய்தியோ பதின்மூன்று நூற்றாண்டுக்கு முந்தியது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மாடப்புறா நீங்கலான புறாக்களை அட்டவணையில் சேர்த்தது. அப்போதும் சிறு வேட்டைக்கு உரிமச்சீட்டு கிடைக்கும். 1991ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வாயிலையும் அடைத்தது. அதே 1991இல்தான் ராஜீவ் காந்தி படுகொலையால் எங்கள் ஊர்ப் பெயர் உலகெங்கும் ஒலித்தது. 2021இல் அருணாசலப் பிரதேசத்தில் கிராமத்தார் தம் காற்றுத் துப்பாக்கிகளைத் தாமே கொண்டுவந்து அரசிடம் ஒப்படைத்தார்கள் என்று படித்தபோது, மாமா வீட்டுப் பரணில் கிடப்பது நினைவுக்கு வந்தது.

இனி இவ்வாண்டுக்கு வருவோம். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டிய நாள் முதல் ஊர் மாறிய கதை வாசகர் அறிந்ததே. 2006இல் தொடங்கிய நோக்கியா 2014இல் மூடியதும், ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸானும் ராயல் என்ஃபீல்டும் எழுந்ததும் ஊர்ப் பிள்ளைகளின் வயதைக் கணக்கிட இன்று உதவுகின்றன. களங்கள் இல்லை; பச்சைப்புறாவை நாம் காணவில்லை. மாடப்புறா மட்டும் பெருகியிருக்கிறது. இரும்புக் கூரைச் சட்டங்கள் கிணற்றுப் பொந்தைவிட அதற்கு வசதியாக இருக்கின்றன போலும்.

மாமாவின் பேரன் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறான். எந்தக் கிடங்கென்று எழுத வேண்டியதில்லை. புறா எச்சம் பெட்டிகளின்மேல் விழுவதால் இரவில் காற்றுத் துப்பாக்கி கொண்டு சுட்டு வீழ்த்த ஆள் தேடுகிறார்களாம். புறா ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. "ஹஜ்ரத் மாமா, அந்தக் காசு ஆகுமா?" என்று கேட்டான். எச்சத்தால் நுரையீரல் நோய் வருவதுண்டு. தொல்லை தருவதை அகற்றத் தடையில்லை. ஆனால் வலை கட்டி அடைக்க வழியிருக்கையில், டார்ச் வெளிச்சத்தில் கண் கூசி அசையாதிருக்கும் பறவையைத் தலைக்கணக்கில் சுட்டுக் குப்பையில் எறிவதற்கு நம்மால் ஆகும் என்று சொல்ல வரவில்லை. வலை கட்டும் வேலையைக் கேட்டுப் பார் என்றோம். முகம் சுண்டிப் போனான். அவனுக்கு மாதத் தவணை இருக்கிறது, நமக்கு இல்லை.

அவன்தான் ஆட்டோ பிடித்து வந்தான். மாமாவைத் தூக்கி அமர்த்தி, துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் கிணற்றுக்குப் போனோம். கிணற்றைச் சுற்றி மனைப்பிரிவுக் கற்கள் நட்டிருக்கிறார்கள். பாதிக் கிணறு கட்டட இடிபாட்டால் தூர்ந்துவிட்டது. புங்கமரம் இல்லை. பேரன் ஒரு கல்லை எறிந்தான். புறாக்கள் எழும்பின. வட்டமிட்டு வந்து, அதே சுவரில், எஞ்சியிருந்த பகுதியில் அமர்ந்தன.

குழாயை மடித்தோம். ரவையை இட்டோம். கை எதையும் மறக்கவில்லை என்பது நமக்கே அச்சமாயிருந்தது. குறியின் நுனியில் ஒரு சாம்பல் நிறக் கழுத்து பச்சையும் ஊதாவுமாக மின்னிற்று. நெடுநேரம் அப்படியே நின்றோம்.

"என்ன ஹஜ்ரத், கை மறந்துபோச்சா?" என்றார் மாமா. அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதால் சொற்கள் குழைந்து வரும்.

"மறக்கல மாமா. உள்ளே விழுந்தா இறங்கி எடுக்க ஆளில்லை" என்றோம்.

அவர் நம்மைப் பார்த்தார். பேரன் சற்றுத் தள்ளிக் கைப்பேசியில் இருந்தான்.

"அன்னைக்கு அது செத்துத்தான் கெடந்துச்சு" என்றார்.

"தெரியும் மாமா."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். நீ தலையை ஆட்டினப்பவே தெரியும்." சற்று மூச்சு வாங்கினார். "உங்க நன்னி ரெண்டு நாளா கேட்டுச்சு. வெறுங்கையோட போக மனசு வரல. ஒன்னை ஓத அனுப்பச் சொல்லி உங்க அத்தாகிட்ட நின்னு பேசினது நான்தான், தெரியுமா? ஒருநாள் வந்து கேப்பேன்னு நெனச்சேன். நீ கேக்கவே இல்லை."

நாற்பதாண்டுகளாக நாம் அவருடைய குற்றத்தை மறைத்துக் காத்து வந்ததாக எண்ணியிருந்தோம். அவர் நம்முடைய கேள்விக்காகக் காத்திருந்திருக்கிறார். என்ன மறுமொழி சொல்வதென்று தெரியவில்லை. ஓதியது எதுவும் நாவுக்கு வரவில்லை. "நானும் சாப்பிட்டேன் மாமா" என்று மட்டும் சொன்னோம்.

"சின்னப்புள்ள நீ" என்றார்.

பதின்மூன்று வயது மார்க்கத்தில் சின்னப்பிள்ளையா இல்லையா என்று அங்கே நாம் ஆராயவில்லை. தவ்பாவைப் பற்றிச் சொன்னோம். அவர் இடக்கையை உயர்த்தினார், நாமும் கையேந்தினோம். துஆ சுருக்கமாகவே அமைந்தது. குழாயைத் திறந்து ரவையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டோம்.

வெயில் தாழ்ந்ததும் புறாக்கள் ஒவ்வொன்றாகக் கிணற்றுக்குள் இறங்கின. மாமா அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்று வரை எண்ணியது காதில் விழுந்தது. மஃரிபுக்கு நேரமாகிறது என்று பேரன் ஆட்டோவைத் திருப்பினான். வழியில் சந்தைக் கடையில் ஒரு நாட்டுக்கோழி வாங்கி, நாமே அறுத்துக் கொடுத்தோம்.